கட்டட அனுமதிச் சேவை: கருமபீடம் நன்று, களத்துக்கு ஆளில்லை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் உள்ளூராட்சி மன்றமொன்றில், கீழே கடையும் மேல்மாடியில் வீடும் கொண்ட கட்டடத்துக்கு அனுமதி கோரிய அனுபவத்தை வைத்தே இச்சேவையை மதிப்பிடுகிறேன். கருமபீடத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. காணி உறுதியின் பிரதி, நில அளவைப் படம், கட்டட வரைபடம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டிய உத்தியோகத்தர், மலக்குழிக்கும் அயல் காணிக் கிணற்றுக்கும் இடையிலான தூரம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் விரல் வைத்துப் பார்த்த பின்னரே பற்றுச்சீட்டு எழுதினார்.

தாமதம் அதன் பின்னர்தான். களப் பரிசோதனைக்கு வரவேண்டிய தொழில்நுட்ப உத்தியோகத்தர் இன்னொரு சபையிலும் பதில் கடமை பார்ப்பதால் கோப்பு மாதக்கணக்கில் கிடந்தது. அவரது அறிக்கையில்லாமல் திட்டமிடல் குழு கூடியும் பயனில்லை. பரிசோதனையைக் கைவிடுங்கள் என்றும் கேட்க முடியாது, ஏனெனில் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலக்குழிக் கசிவு நிலத்தடி நீரை எளிதில் எட்டிவிடும்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் வெற்றிடத்தை எந்தச் சபையும் தன்னிச்சையாக நிரப்பவும் இயலாது. ஆளணிக்கு முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அங்கீகாரம் வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் அரச ஆட்சேர்ப்பும் இறுகிவிட்டது. ஆகவே கருமபீடத்தில் கோபிப்பது வீண் (பலர் கோபிக்கத்தான் செய்கிறார்கள்). ஆனால், கோப்பு எவரிடம் நிற்கிறது என்பதைத் தொலைபேசியில்கூடச் சொல்லாததற்கு ஆளணிப் பற்றாக்குறையைக் காரணம் காட்ட முடியாது. அதற்காகவே ஐந்துக்கு இரண்டு புள்ளிகள். வங்கிக் கடனில் கட்டுவோர், அனுமதி கைக்கு வருமுன் மேசனுக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம்.