உரையாடப் பழக்க: பெற்றோருக்குப் பயிற்சியா, பிள்ளைக்குத் தெரபியா?

மொழி வளர்ச்சிக் கோளாறு உள்ள பிள்ளைக்குச் சொற்களைக் கற்றுக்கொடுக்க வழிகள் நிறைய உண்டு. எதிரில் இருப்பவரோடு மாறி மாறிப் பேச வைப்பதுதான் பெரும்பாடு. அதற்கான இரண்டு வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1975இல் தொடங்கப்பட்ட டொராண்டோவின் ஹேனன் மையம், சின்னப் பிள்ளைகளின் பெற்றோரைப் பயிற்றுவிக்கிறது. முதல் பாடம்: கவனி, காத்திரு, கேள். கேட்க எளிது, செய்வது கடினம். பேசாத பிள்ளையிடம் நாம் கேள்விகளாகவே அடுக்குகிறோம்: "இது என்ன? என்ன கலர்? மாடு எப்படிக் கத்தும்?" ஒரு சொல்லில் பதில் வரும், இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தானாகப் பேச்சைத் தொடங்க அதற்கு இடமே கிடைப்பதில்லை. பொம்மைக் காரைத் தள்ளும் பிள்ளைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "கார் மேட்டுல ஏறுது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்து பாருங்கள். பதிலுக்கு ஒரு பார்வையோ சத்தமோ வந்தாலும் அதைப் பேச்சாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, பயிற்சியாளர் அவர்களோடு சேர்ந்து பார்ப்பார். இந்த முறையின் உயிரே அதுதான் என்பேன். எவ்வளவு குறுக்கே பேசுகிறோம் என்பது பார்த்தால்தான் உறைக்கும்.

இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த கேத்தரின் ஆடம்ஸ் குழுவின் முறை பள்ளி வயதினருக்கு. இவர்களில் சிலர் நிறையவே பேசுவார்கள். ஆனால் கேட்டது ஒன்று, சொல்வது வேறொன்று. "அவன் அங்க போனான்" என்றால் யார், எங்கே என்று கேட்பவருக்குப் புரியாது என்பது அவர்களுக்குத் தோன்றாது. பேச்சுத் தெரபிஸ்ட் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, கேட்பவருக்குப் புரியும்படி பேசப் பழக்குகிறார். 88 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. ஒரு பிள்ளைக்கு அமர்வுகள் 20 வரை. இந்தப் பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் பொதுவான மொழித் தேர்வின் மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் யார் பயிற்சி பெற்றவர் என்று தெரியாமல் உரையாடலை மதிப்பிட்டவர்கள் முன்னேற்றத்தைக் கண்டார்கள், பெற்றோரும் கண்டார்கள். மதிப்பெண் ஏறவில்லையே என்று தெரபியை நிறுத்த நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பேச்சையே தொடங்காத 3 வயதுப் பிள்ளைக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். பேச்சு இருந்தும் தடம் மாறுகிற 8 வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது. பெற்றோர் காத்திருக்கப் பழகுவது மட்டும் அங்கே போதாது.

இரண்டிலும் எதிரில் இருப்பவர் பெரும்பாலும் பெரியவர், விட்டுக்கொடுத்துப் பேசுபவர். சக பிள்ளைகள் அப்படி இல்லை. அதனால் எந்த வழியில் போனாலும், பொறுமையுள்ள ஒரே ஒரு தோழனை வீட்டுக்கு அழைத்து விளையாட விடுங்கள். கூட்டம் அப்புறம்.