பஞ்சாங்கம் பார்த்துக் கேட்ட குடில்: ஹேவ்லாக் தீவில் நான்கு முறை

அந்தமானின் ஹேவ்லாக் தீவில், விஜயநகர் கடற்கரையில் இருக்கும் ஒரு விடுதியிலேயே 2016 முதல் 2025 வரை நான்கு முறை தங்கியிருக்கிறோம், நானும் என் கணவரும். கணக்குப் பார்த்தால் 19 இரவுகள். மொத்தம் பன்னிரண்டு குடில்கள்தான். முன் வரிசையில் ஐந்து, மற்றவை கடல் மகுவா மரங்களின் நிழலில் பின்னால். பெயரைச் சொல்லப் போவதில்லை. கடைசி முறை எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதையும் எழுத வேண்டும்.

முதல் பயணம் 2016 டிசம்பர். மூன்று இரவுகளுக்குத்தான் பணம் கட்டியிருந்தோம். இரண்டாம் நாளே காற்று மாறியது. பின்னாளில் வர்தா என்று பெயர் பெற்ற புயல் அந்தமான் பக்கத்தில்தான் உருவாகிக்கொண்டிருந்தது. கப்பல்கள் நின்றுவிட்டன. தீவில் சிக்கிய நூற்றுக்கணக்கானவர்களில் நாங்களும் இருவர். கடற்படையும் கடலோரக் காவல்படையும் கப்பல் அனுப்பும் வரை நகர வழியில்லை. ஜெனரேட்டருக்கு டீசலைச் சேமிக்க வேண்டியிருந்ததால் இரவில் குளிர்சாதனம் கிடையாது. சமையலறையில் இருந்தது அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, முட்டை. சமையல்காரர் மூன்று வேளையும் சுடச்சுடக் கிச்சடி செய்தார். மேலே ஒரு கரண்டி நெய், பக்கத்தில் வறுத்த உருளை. கூடுதலாகத் தங்கிய இரவுகளுக்கு அறை வாடகையே வாங்கவில்லை, சாப்பாட்டுக்கு மட்டும் கணக்கு எழுதினார்கள். வரவேற்பில் இருந்த பெண் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். "நீங்கள் விருப்பப்பட்டா தங்கினீர்கள் அக்கா, கடல் அல்லவா நிறுத்தி வைத்தது?" என்றாள். ஒருவழியாகச் சென்னை திரும்பிய கையோடு, டிசம்பர் 12 அன்று அதே வர்தா எங்கள் தெரு மரங்களைச் சாய்த்தது. மறுபடியும் அந்த விடுதிக்குத்தான் போவது என்று நாங்கள் முடிவு செய்தது அந்தக் கிச்சடி நாள்களில்தான்.

இரண்டாம் முறை ஆசைப்பட்டு முன்வரிசைக் குடில் எடுத்தோம். 2019 பிப்ரவரி, சரியாக மாசிப் பௌர்ணமியை ஒட்டி. நிலவு எழும்போது கடல் எப்படி இருக்கும் என்பதுதான் எண்ணம். பிற்பகல் குளிக்கலாம் என்று இறங்கினால் கடலைக் காணோம். நூறடிக்கும் மேல் பின்வாங்கிவிட்டிருந்தது. பாறையும் செத்த பவளத்துண்டுகளும் பாசியும் வெயிலில் கிடந்தன. விளம்பரப் படத்தில் வாசற்படி வரை நீலத் தண்ணீர் இருந்ததே என்று கேட்கப் போனேன். அந்தப் பெண் வரவேற்பறைச் சுவரில் இருந்த கரும்பலகையைக் காட்டினாள். அன்றைய ஏற்றமும் வற்றமும் எத்தனை மணிக்கு என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. தினமும் விடிகாலையில் தோட்டக்காரர் எழுதுவாராம். 1950களில் கிழக்கு வங்கத்திலிருந்து இங்கே குடியேற்றப்பட்ட குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். எல்லோருக்கும் அவர் தாதா, அதாவது வங்காளத்தில் அண்ணன்; எங்களுக்கும் அப்படியே.

தாதாதான் எனக்குப் புரிய வைத்தார். கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. நேரம் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் மிக அதிகம், இரண்டு மீட்டர் அளவுக்குக்கூடப் போகும். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் அது குறைந்துவிடும். விஜயநகர்க் கடல் சரிவே இல்லாத ஆழமற்ற கடல் என்பதால் அந்த வித்தியாசம் கண்ணில் அறைகிற மாதிரி தெரிகிறது. மேற்குப் பக்கம் ராதா நகர்க் கடற்கரையில் இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. அங்கே மணல் நன்றாகச் சரிந்து இறங்குகிறது. ஆனால் அங்கே முதலை எச்சரிக்கைப் பலகையை மதித்து, உயிர்காப்பாளர் காட்டும் இடத்தில் மட்டுமே இறங்குங்கள்.

அஷ்டமி நவமியில் என் அம்மா வெளியூர்ப் பயணம் கிளம்பவே விடமாட்டார். கடலில் குளிக்க அவைதான் நல்ல நாள்கள் என்று தெரிந்ததும் மூன்றாம் பயணத்தைப் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு போட்டேன். 2022 மார்ச், வளர்பிறை அஷ்டமியை நடுவில் வைத்து ஐந்து இரவுகள். அம்மாவின் மனம் நோகாமல் சஷ்டியன்றே கிளம்பிவிட்டோம். மாலைதோறும் இடுப்பளவுத் தண்ணீர் கிடைத்தது. நான்கு பயணங்களில் அதுதான் நிறைவானது.

அந்த முறை நாங்கள் கேட்டு வாங்கியது பின்வரிசைக் குடில். முன்வரிசைக்கும் அதற்கும் ஓர் இரவுக்கு நாலாயிரம் ரூபாய் வித்தியாசம். முன்வரிசையில் உப்புக்காற்று எதையும் விட்டு வைப்பதில்லை. கதவின் கீல் துருவேறி, திறக்கும்போதெல்லாம் பழுப்புத் தூள் தரையில் உதிரும். வெளிக்குளியலறையின் பித்தளைக் குழாயைத் தொட்டால் விரலில் பச்சை ஒட்டும். தலையணை உறை எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே இருப்பதாகத் தோன்றும். பின்னால் மகுவா மரங்கள் அந்தக் காற்றை வடிகட்டிவிடுகின்றன. கடல் ஓசை அங்கேயும் கேட்கும். கிழக்கு பார்த்த கரை, பிப்ரவரியில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் எழுந்துவிடும். முன்வரிசையில் திரையைத் தாண்டி வெளிச்சம் முகத்தில் விழும். பின்வரிசையில் நாமாக எழுந்து போய்ப் பார்க்கலாம். மாலை ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள், மதியத் தூக்கம் போட்டால் அந்த நாள் போயிற்று.

சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அன்றைக்குப் படகில் வந்த மீனைத் தட்டில் வைத்துக் காட்டிய பிறகே சமைப்பார்கள். களவாய் மீனைக் கடுகு அரைத்துத் தடவி வாழையிலையில் கட்டி வேகவைக்கும் வங்காளச் சமையல் ஒன்று உண்டு. இலையைப் பிரிக்கும்போது எழும் அந்தக் காரமான ஆவிக்காகவே இன்னொரு முறை போவேன். மணல் ஈக்கள் கடித்த இடம் பத்து நாள் அரிக்கும். கடற்கரையில் உட்காருமுன் காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். சிப்பி, சங்கு, பவளம் எதையும் பையில் போடாதீர்கள். விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். அதைவிட, கரையில் கிடக்கும் காலிச் சங்கு ஏதோ ஒரு துறவி நண்டுக்கு வீடு.

இணையம் 2016இல் அறவே இல்லை என்றே சொல்லலாம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தது, 2022இல் என் கணவர் குடிலில் உட்கார்ந்து அலுவலகக் கூட்டத்தையே முடித்தார்.

இனி மனக்குறை. 2025 பிப்ரவரியில் போனபோது முற்றத்தில் நீச்சல் குளம் வந்திருந்தது. அதற்கு இடம் விட்டு மூன்று மகுவா மரங்கள் போய்விட்டன. நன்னீர் அரிதான தீவில் எதற்குக் குளம் என்று மேலாளரிடம் நேராகவே கேட்டேன். வருகிறவர்கள் கேட்கிறார்கள் என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டி நாற்காலி போட்டிருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இரவு முழுக்க எரியும் குளத்து விளக்கால் நட்சத்திரங்களும் மங்கிவிட்டன. வாடகை 2016இல் 9,000 ரூபாய். இப்போது பின்வரிசைக்கே 21,000, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. அந்தப் பணத்துக்கு விளக்கையாவது பத்து மணிக்கு அணைக்க வேண்டும் என்று கருத்துப் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

கரும்பலகை இருந்த இடத்தில் இப்போது ஒரு தொலைக்காட்சித் திரை. கடல் நேரம் அதில் இல்லை. தாதாவைத் தேடிப் போனேன். பின்வாசல் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்ட் சுவரில் அதே சாக்பீஸ் எழுத்து, அன்றைய தேதியோடு. பணியாளர்கள் பார்ப்பதற்காக எழுதுகிறேன் என்றார். என்னைக் கண்டதும், ஏற்றம் மூன்றரைக்கு, நீச்சலுடையோடு வாருங்கள் என்று இந்தியில் சொல்லி, அந்த எண்ணின் கீழே ஒரு கோடு போட்டார்.

ஊர் திரும்பியதும் வரவேற்புக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அடுத்த ஆண்டு, தண்ணீர்த் தொட்டிக்கு மிக அருகில் இருக்கும் குடில், வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய நான்கு நாள்கள்.