பலகையில் இருந்த டிடிசிபி எண் உண்மை, எங்களுக்குக் காட்டிய மனைதான் அதில் இல்லை

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக மனை தேடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் விலை எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் செங்கல்பட்டையும் தாண்டி மதுராந்தகம் பக்கம் போனோம். அங்கே நடந்ததை இப்போதே எழுதக் காரணம், அதே மனைகளைக் காட்ட ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இன்னும் வேன் போய்க்கொண்டிருக்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை.

நுழைவாயிலில் பெரிய வளைவு, உள்ளே தார்ச்சாலை, பலகையில் டிடிசிபி எண் (மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம் கொடுக்கும் அனுமதி எண்), ரெரா எண் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்). என் மனைவி அங்கேயே நின்று ரெரா தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தார். வந்தது. அதே மனைப்பிரிவு, அதே கிராமம். 1,200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்ட், 14 லட்சம் என்று பேசி முடித்தோம். அட்வான்ஸாக 3 லட்சம் வங்கி வழியாக அனுப்பினோம்.

பதிவுக்கு முன் பத்திர நகல் வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் மனை எண் இல்லை. நான்கு எல்லை இல்லை. சொத்து விவரத்தில் ‘புஞ்சை 1 ஏக்கர் 40 சென்டில் பிரிபடாத 2.75 சென்ட் பாகம்’ என்று மட்டும் இருந்தது. அதாவது, எந்த இடம் என்று பிரித்துக் காட்டாத பங்கு. விற்பனை ஆளைக் கூப்பிட்டுக் கேட்டேன். “சார், ஃபேஸ் டூவுல எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம். அப்ரூவல் வந்ததும் திருத்தல் பத்திரம் போட்டுக்கலாம் சார்” என்றார். ஃபேஸ் டூ என்ற பேச்சை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டோம்.

அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேட்டு வாங்கினேன். எங்களிடம் கொடுத்திருந்த வண்ண வரைபடத்தில் மனை எண்கள் முதலிலிருந்து கடைசி வரை ஒரே வரிசையாகப் போகும். டிடிசிபி முத்திரை உள்ள வரைபடத்திலோ முன்பக்கத்து சர்வே எண்களோடு மனைப்பிரிவே முடிந்துவிடுகிறது. எங்கள் மனை இருந்த சர்வே எண் அதில் கிடையாது. அந்த இடம் அரசுப் பதிவேட்டில் இன்றும் விவசாய நிலம். இது தெரியாமல் நடந்ததல்ல, திட்டமிட்ட ஏமாற்று.

பிரிபடாத பாகம் என்று ஏன் எழுதுகிறார்கள்? பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாமல் வீட்டுமனையாக்கிய நிலத்தைச் சார்பதிவாளர் பதிவு செய்யக் கூடாது. மனை என்ற சொல்லே பத்திரத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. வாங்குகிறவருக்கு என்ன கிடைக்கும்? முன்பின் தெரியாத பலரோடு சேர்ந்த கூட்டுப் பட்டா. வீடு கட்ட அனுமதி கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது. உங்கள் பங்கு எது என்று பிரிக்க வேண்டுமானால் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் பாகப்பிரிவினை வழக்குதான். மகளுடைய படிப்புக்காகச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோய் இதில் போடுகிறார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது.

வேண்டாம் என்று சொன்னதும், புக்கிங் தொகை திருப்பித் தரப்படாது என்று ரசீதின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார்கள். ஆனால் ரெரா சட்டத்தின் 13-வது பிரிவு, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது என்கிறது. 14 லட்சத்துக்கு 1.4 லட்சம்தான் வரம்பு. அதோடு, பலகையில் இருந்த ரெரா எண் முன்பக்கத்து மனைப்பிரிவுக்குத்தான், ஃபேஸ் டூவுக்கு இல்லை; 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெராவில் பதியாமல் விளம்பரம் செய்வதே தவறு. இரண்டையும் குறிப்பிட்டு வக்கீல் நோட்டீஸ் போன பிறகு 2 லட்சம் வந்தது. மீதிக்கு ரெராவில் புகார் கொடுத்திருக்கிறோம்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் பலகையில் உள்ள எண் சரியா என்று பார்ப்பதோடு விடாதீர்கள். நீங்கள் நிற்கிற மனையின் சர்வே எண்ணை, உட்பிரிவோடு எழுதிக் கேளுங்கள். அது முத்திரையிட்ட வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டாவையும் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் நீங்களே எடுக்கலாம். சாலைகளை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த பத்திரத்தின் நகலையும் கேளுங்கள். பத்திர நகல் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே பதிவு முடித்தவர்கள் இன்றைக்கே சொத்து விவரப் பக்கத்தை எடுத்துப் படியுங்கள். பிரிபடாத பாகம் என்று இருந்தால், “அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்” என்று அவர்கள் சொல்வதை நம்பிக் காத்திருக்காதீர்கள். அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்த 2017-ல் வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20 வரை உருவான மனைப்பிரிவுகளுக்கானது. இந்த நிலத்தில் கல் நட்டதே அதற்குப் பல வருடம் கழித்துத்தான்.