பின் ஆர்ம்: புது ரப்பர் புஷ்ஷா, அட்ஜஸ்டபிள் ஆர்மா?

பழைய ஹொண்டா சிவிக் கார் வைத்திருக்கும் பெடியள் அடிக்கடி கேட்பது இது. பின் ஆர்ம் என்பது பின்சில்லைக் காரின் உடலோடு இணைக்கும் கை, அதன் முனையில் இருக்கும் ரப்பர் உருளைதான் புஷ். அட்ஜஸ்டபிள் ஆர்ம் என்றால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியது.

செலவு: பழைய ஆர்மில் புது ரப்பர் புஷ் அடித்தால் குறைவு. அட்ஜஸ்டபிள் ஆர்முக்குச் செலவு அதிகம்.

உழைப்பு: ரப்பர் சத்தமில்லாமல் கன காலம் உழைக்கும், ஆனால் கார் தரையில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் போல்ட்டை இறுக்க வேண்டும், ஜாக்கில் தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும், கராஜில் பக்கத்தில் நின்று பாருங்கள். உருண்டை ஜொயின்ட் உள்ள அட்ஜஸ்டபிள் ஆர்முக்கு எங்கள் புழுதியும் உப்புக்காற்றும் ஆகாது, தேய்ந்ததும் தட்டத் தொடங்கும்.

சில்லின் சாய்வு: காரைப் பதித்திருந்தால் (உயரத்தைக் குறைத்திருந்தால்) பின்சில்லு உள்ளே சாய்ந்து டயரின் உள்விளிம்பு தேயும். அதை ரப்பர் திருத்தாது, அட்ஜஸ்டபிள் ஆர்ம் திருத்தும், பூட்டியதும் வீல் அலைன்மென்ட் (சில்லுகளின் கோணத்தைச் சரிபார்ப்பது) கட்டாயம்.

பதிக்காமல் ஏ9 வீதியால் கொழும்பு போய்வரும் காருக்கு ரப்பரே போதும். பதித்திருந்தால் மட்டும் ஆர்ம் வாங்குங்கள்.