தம்பியைச் சேர்க்கப் போன ஐந்து வாரம்

இந்த முறை ஊருக்குப் போனது கல்யாணத்துக்கும் இல்லை, கும்பாபிஷேகத்துக்கும் இல்லை. சிங்கப்பூரில் ஐந்து வாரம் லீவு போட்டுவிட்டு குடவாசல் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தது தம்பியின் குடிக்கு வைத்தியம் பார்க்க. வெளிநாட்டில் இருந்துகொண்டு இதே கவலையில் தூக்கம் இல்லாமல் கிடப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் தம்பி மனைவி போனில் அழுதபோது, "எங்கயாவது சேர்த்துவிடும்மா, பணம் நான் அனுப்புறேன்" என்றேன். ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்திலிருந்து ராத்திரி பதினோரு மணிக்கு வேனில் நாலு பேர் வந்து தூக்கிப்போனார்கள். மூன்று மாதம் போன் பேச விடவில்லை. டாக்டர் என்று யாரும் வந்து பார்க்கவில்லை. திரும்பி வந்தவன் முதுகில் தழும்பு இருந்தது. அன்று சாயங்காலமே டாஸ்மாக் வாசலில் நின்றான். அந்த மூன்று மாதமும் பணம் கட்டியது நான். நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

அதற்கப்புறம் அம்மா கோயிலில் கயிறு கட்டிக் கூட்டிவந்தார். மறுநாளே வலிப்பு. சாமி குத்தம் என்று தெருவில் பேசினார்கள். வருஷக்கணக்காகத் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

இந்தத் தடவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். கூட்டம் அதிகம், ஃபேன் ஓடவில்லை, ஓபி சீட்டோடு இரண்டரை மணி நேரம் நின்றோம். ஆனால் உள்ளே போனதும் டாக்டர் எங்களைக் கேட்காமல் தம்பியிடமே கேட்டார். "கடைசியா எப்ப குடிச்சீங்க? ஒரு நாளைக்கு எத்தனை குவாட்டர்? காலைல கை நடுங்குதா?" சேர்வதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடச் சொன்னபோது, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போட்டான். எங்கள் வீட்டில் கையெழுத்து அழகாக இருப்பது அவனுக்குத்தான்.

மூன்றாம் நாள் ராத்திரி போர்வையிலிருந்து எறும்பு பொறுக்க ஆரம்பித்தான். எறும்பே இல்லை. "அக்கா, உன் மேலயும் ஏறுது பாரு" என்று என் புடவையைத் தட்டிவிட்டான். இப்படி வரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நான் அலறவில்லை. நர்ஸ் வந்து ஊசி போட்டு, லைட்டை அணைக்காமல், பக்கத்திலேயே இருந்து பேச்சுக் கொடுத்தார். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. இதே நிலையில்தான் அவனை அந்த இல்லத்தில் பூட்டி வைத்திருப்பார்கள்.

ஒரு வாரத்தில் நடுக்கம் நின்றது. வைத்தியம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம் என்றார் கவுன்சலர். குடும்பத்தோடு உட்கார வைத்து ஒருநாள் கேட்டார்: "இவர் குடிச்சு கடன் வாங்கினா யார் அடைப்பாங்க?" தம்பி மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பதினோரு வருஷமாக அவன் கணக்கில் மாதாமாதம் பணம் போட்டுவந்தது நான்தான். இப்போது அவள் பேரில் தனிக் கணக்கு, அவன் கடனுக்கு நான் ஒரு பைசா தருவதில்லை.

ஓபியில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பார்த்தேன். பள்ளிச் சீருடை, கீழ் உதட்டுக்குள் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலத்தை வைத்து வைத்து ஈறு வெந்துபோயிருந்தது. அவன் அம்மா அட்மிட் பண்ணச் சொல்லிக் கெஞ்சினார். பெரியவர்கள் வார்டில் சின்னப் பையனைப் போட முடியாது, வாரம் ஒருமுறை வரட்டும், பள்ளிக்கூடத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார் டாக்டர். பிறகு அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனோடு தனியாகப் பேசினார். அது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் ஊருக்குப் பக்கத்து மஞ்சக்குடியில் 1989லேயே குடிநோய்க்கு முகாம் போட்டவர்கள் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளைக்காரர்கள். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய அறக்கட்டளை அது. அவ்வளவு பக்கத்தில் வந்தும் எங்கள் வீட்டில் அதை நோய் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 2019இல் வெளிவந்த மத்திய அரசின் கணக்கெடுப்பில், குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது சிகிச்சைக்குப் போயிருக்கிறார்.

நீங்களும் பணம் அனுப்பப்போகிறீர்கள் என்றால், அனுப்புமுன் அந்த இல்லத்தை யாரையாவது நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டர் தினமும் வருகிறாரா, பதிவுச் சான்று இருக்கிறதா, வீட்டோடு பேச விடுகிறார்களா? 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சங்கிலியால் கட்டக்கூடாது, போன் பேசுவது நோயாளியின் உரிமை. யாருக்கும் தெரியாமல் சாம்பாரில் கலக்கும் பொடியை வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது, அதில் குடியை நிறுத்த டாக்டர் தரும் டைசல்பிராம் மருந்து இருந்து, அது தெரியாமல் அவர் குடித்துவிட்டால் உயிரே போகலாம். எங்கே போவதென்றே புரியாவிட்டால் இந்தியாவுக்குள்ளிருந்து போதை மீட்பு உதவி எண்ணான 14446க்கு அடிக்கச் சொல்லுங்கள்.

நான் திரும்பி வந்து ஏழு வாரம் ஆகிறது. நடுவில் ஒருநாள் குடித்துவிட்டான். மறுநாள் அவனே டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். நேற்றுக் காலை தம்பி மனைவி பேசினாள். "அண்ணி, வியாழக்கிழமை ரிவ்யூ. தனியாவே பஸ்ஸுல போய்ட்டு வந்துர்றேங்கிறார். விடட்டுமா?"

"நீயும் கூடப் போ" என்றேன்.