பி.எஃப்., மூவாயிரம் ரூபாய் பென்ஷன், முதியோர் உதவித்தொகை: கூலி வேலை செய்பவரின் முதுமைக்கு எது தாங்கும்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங், பேக்கிங் வேலைக்குச் சேருகிற பெண்களிடம் பல இடங்களில் கேட்கப்படும் கேள்வி இது: "பி.எஃப். பிடிக்கட்டுமா, முழுசா கையில வாங்கிக்கிறியா?" கையில் கொடுங்கள் என்று சொல்பவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. சனிக்கிழமை சம்பளம் வந்ததும் வாடகை, மளிகைக் கடை பாக்கி, ஏலச்சீட்டு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என்று எல்லாம் வரிசையில் நிற்கும்போது 58 வயதில் வரப்போகும் பணம் யார் கண்ணுக்குத் தெரியும்? ஆனாலும் அந்தப் பதிலால் எவ்வளவு கை நழுவுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் விடக்கூடாது.

முதலில் ஒன்று. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், மாதம் 15,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்குப் பி.எஃப். கட்டாயம். அதனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே நிர்வாகத்துக்கு உரிமை கிடையாது.

இந்த அலசலுக்கு ஒரே ஆளை வைத்துக்கொள்வோம். வயது 30. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000 ரூபாய்.

பி.எஃப். வழி

அவர் சம்பளத்தில் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் பிடிக்கப்படும். கம்பெனியும் அதே 1,440 ரூபாய் போட வேண்டும். கம்பெனி போடுவதில் 8.33 சதவீதம், ஏறக்குறைய 1,000 ரூபாய், ஓய்வூதிய நிதிக்குப் போய்விடும். மீதி 440 அவர் கணக்கில் சேரும். ஆக, கணக்கில் மாதம் 1,880 ரூபாய். மத்திய அரசு தன் பங்காக 1.16 சதவீதத்தை ஓய்வூதிய நிதியில் போடுகிறது. இவருக்கு அது 139 ரூபாய். 2024-25ஆம் ஆண்டுக்கான வட்டி 8.25 சதவீதம். சம்பளம் ஒரு ரூபாய்கூட உயராது, வட்டி 8 சதவீதம்தான் என்று குறைவாகவே வைத்தாலும், இடையில் எடுக்காமல் விட்டால் 58 வயதில் கணக்கில் 20 லட்சத்துக்கு மேல் நிற்கும். பணியில் இருக்கும்போது இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு. அதற்குத் தொழிலாளி தனியாக எதுவும் கட்டுவதில்லை.

ஓய்வூதியக் கணக்கு இதற்குத் தனி. சம்பளத்தைப் பணிக்கால ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 12,000 பெருக்கல் 28 வகுத்தல் 70 என்றால் 4,800 ரூபாய். 20 ஆண்டுக்கு மேல் பணி இருந்து 58இல் ஓய்வு பெற்றால் இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேர்ப்பார்கள். அப்போது 5,100 ரூபாயைத் தாண்டும்.

கையில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னவருக்கு மாதம் 1,440 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது. அது அவருடைய பணமேதான். கூடவே கம்பெனி தர வேண்டிய 1,440, அரசின் 139, காப்பீடு எல்லாம் போய்விடுகின்றன. இதைவிட மோசம், கம்பெனி பங்கையும் தொழிலாளியின் கூலியிலிருந்தே கழித்துக் கட்டுவது. ஒப்பந்தக்காரர்கள் மூலம் ஆள் எடுக்கும் இடங்களில் இது சகஜமாக நடக்கிறது. சட்டப்படி இது குற்றம்.

பி.எஃப். இவ்வளவு நல்லதென்றால் ஏன் பலருக்கும் அது கசக்கிறது? அங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு பணி வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் ஓர் ஆண்டாகக் கணக்கிடப்படும் என்பதால் ஒன்பதரை ஆண்டு போதும். பனியன் தொழிலில் ஒரே கம்பெனியில் ஒன்பதரை ஆண்டு இருப்பவர் அரிது. ஆர்டர் குறைந்தால் ஆள் குறைப்பு, பிரசவத்துக்கு ஊருக்குப் போனால் திரும்பி வரும்போது வேறு கம்பெனி. கம்பெனி மாறினாலும் மாறாத யு.ஏ.என். என்கிற ஒரே எண் இதற்காகத்தான் கொண்டுவரப்பட்டது. பழைய கணக்கைப் புதியதோடு இணைத்தால் ஆண்டுகளும் கூடும். நடைமுறையில் ஆதாரில் "செல்வி கே" என்று இருக்கும், கம்பெனி பதிவில் "கே. செல்வி", வங்கியில் "செல்வி கருப்பசாமி". தமிழர்களின் இனிஷியலைக் கம்ப்யூட்டர் மூன்று வெவ்வேறு ஆட்களாகப் பார்க்கும். பிறந்த தேதியில் ஓர் இலக்கம் மாறினால் அதற்கு ஒரு திருத்த விண்ணப்பம், பழைய கணக்குகளில் அதற்குக் கம்பெனியின் ஒப்புதல். அந்தக் கம்பெனி மூடப்பட்டிருந்தால் அலைச்சலுக்கு முடிவே இல்லை. வேலையை விட்ட தேதியைப் பழைய கம்பெனி பதிவு செய்யாமல் விட்டாலும், தொழிலாளியே அதை இணையத்தில் பதிவு செய்யும்வரை கணக்கை மாற்ற முடியாமல் நிற்கும்.

இத்தனையும் பட்ட பிறகு, "இருப்பதை எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்" என்றுதான் யாருக்கும் தோன்றும். சேமிப்பை எடுக்கும் படிவம் 19ஐயும் ஓய்வூதியப் பங்கை எடுக்கும் 10சியையும் போட்டுச் சில ஆயிரங்களை எடுத்துவிடுகிறார்கள். 10சி மூலம் ஓய்வூதியப் பங்கை எடுத்தால் அதுவரை உழைத்த ஆண்டுகள் அழிந்துபோகும். அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் சேமிப்புப் பகுதியிலிருந்து முன்பணம் எடுங்கள், ஓய்வூதியப் பகுதியைத் தொடாதீர்கள். 10சி படிவத்திலேயே பணத்துக்குப் பதில் திட்டச் சான்றிதழ் கேட்கலாம். அது ஆண்டுகளைக் காப்பாற்றி வைக்கும்.

அரசின் மீதும் கோபம் உண்டு. 15,000 ரூபாய் வரம்பும், குறைந்தபட்ச ஓய்வூதியமான 1,000 ரூபாயும் 2014 செப்டம்பரில் வைக்கப்பட்டவை. அதற்குப் பிறகு அரிசி, வாடகை, பஸ் கட்டணம் எல்லாம் எங்கே போய்விட்டன? விலைவாசிக்கு ஏற்ப இந்த ஓய்வூதியம் உயராது. 58இல் 4,800 என்றால் 78இலும் 4,800தான். பத்துப் பதினைந்து ஆண்டு பணம் கட்டியவர் 1,000 ரூபாய் வாங்குகிறார். எதுவும் கட்டாத முதியவருக்குத் தமிழக அரசு 2023இல் 1,200 ஆக்கியது. அந்த முதியவருக்குக் கொடுப்பது அதிகம் என்று சொல்ல வரவில்லை. உழைத்துக் கட்டியவருக்குத் தருவது இவ்வளவு குறைவாக இருக்கக்கூடாது.

பி.எஃப். இல்லாதவருக்கு: இரண்டு மூவாயிரம்

வீட்டு வேலை, தள்ளுவண்டி, பெட்டிக்கடை, பத்துப் பேர் வேலை செய்யும் சின்ன யூனிட் என்று இருப்பவர்களுக்குப் பி.எஃப். கிடையாது. அவர்களுக்கு மத்திய அரசின் இரண்டு திட்டங்கள்: 2015இல் வந்த அடல் பென்ஷன் யோஜனா, 2019இல் வந்த பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன். இரண்டிலும் 18 முதல் 40 வயது வரைதான் சேரலாம், 60இல் பணம் வரும்.

30 வயதுக்காரர் மாதம் 3,000 ரூபாய் பென்ஷன் வேண்டுமென்றால் அடலில் 347 ரூபாய் கட்ட வேண்டும். ஷ்ரம் யோகியில் 105 ரூபாய்தான். அதே 105ஐ அரசும் போடும். இதைப் பார்த்தவுடன் எல்லோரும் ஷ்ரம் யோகி என்றுதான் சொல்வார்கள். நானும் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்வேன், ஆனால் பின்னால் வருவதையும் பார்க்க வேண்டும். அடலில் கணவருக்குப் பின் மனைவிக்கும் முழு 3,000 வரும். இருவருக்கும் பிறகு பிள்ளைகளுக்கு 5.1 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஷ்ரம் யோகியில் துணைக்குப் பாதி, 1,500 மட்டும். அதற்குப் பிறகு யாருக்கும் ஒன்றும் இல்லை. மேலும், மாத வருமானம் 15,000க்குள் இருக்க வேண்டும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உறுப்பினராக இருக்கக்கூடாது. இன்று தையல் யூனிட், நாளை பெரிய கம்பெனி என்று மாறி மாறி வேலை செய்பவருக்கு இந்த நிபந்தனை பெரிய இடைஞ்சல். அடலில் அந்தச் சிக்கல் இல்லை. வருமான வரி கட்டுபவராக இல்லாவிட்டால் போதும்.

என் தீர்ப்பு இது: கணவனும் மனைவியும் வீட்டு வேலை, கட்டட வேலை என்று கடைசி வரை அமைப்புசாராத் தொழிலில்தான் இருக்கப்போகிறார்கள் என்றால் இருவர் பெயரிலும் ஷ்ரம் யோகி. வேலை மாறும் வாய்ப்பு உள்ளவருக்கு அடல்.

இரண்டுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், 30 ஆண்டு கழித்து வரும் 3,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு ஏறக்குறைய 700 ரூபாய்தான். வங்கி ஊழியர் பென்ஷன் தொகையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கட்டடத் தொழிலாளர்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நலவரியாக வசூலிக்கப்பட்டு நலவாரியத்துக்குப் போகிறது. ஓய்வூதியம் தவிர விபத்து, கல்வி, திருமண உதவிகளும் அதிலிருந்து வருகின்றன. கட்டட வேலை செய்பவர் வாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் விடுவது கைக்கு வந்ததைத் தட்டிவிடுவதுதான்.

வரிப்பணம் யாருக்குப் போகிறது

"ஏழைகள் வரி கட்டுவதில்லை, நம் வரிப்பணத்தில் இலவசம் வாங்குகிறார்கள்" என்ற பேச்சை அலுவலகங்களில் அடிக்கடி கேட்கிறோம். 12,000 ரூபாய் சம்பளக்காரர் வருமான வரி கட்டுவதில்லை, சரி. போன் ரீசார்ஜுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். குளியல் சோப்பு, பற்பசைக்கு 2025 செப்டம்பர் 21 வரை 18 சதவீதம் கட்டினார், இப்போது 5. மொபெட்டுக்குப் போடும் பெட்ரோலில் இருக்கும் மத்திய, மாநில வரிகள் தனி. சம்பளம் முழுவதையும் செலவழித்தே தீர வேண்டியவருக்கு இந்த வரிகளிலிருந்து தப்பிக்க வழியே இல்லை.

இப்போது மறுபக்கம். பழைய வரி முறையில் 30 சதவீத வரம்பில் இருக்கும் ஒருவர் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் 50,000 ரூபாய் போட்டால், அவருக்கு ஆண்டுக்கு 15,600 ரூபாய் வரி மிச்சம். அது அரசுக்கு வராமல் போகும் பணம். ஷ்ரம் யோகியில் சேர்ந்த 30 வயதுத் தொழிலாளிக்கு அரசு போடுவது ஆண்டுக்கு 1,260. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரை உள்ள ஏழைக்கு மத்திய அரசு தருவது மாதம் 200, ஆண்டுக்கு 2,400. வசதி உள்ளவரின் முதுமைக்கு மத்திய அரசு விட்டுக்கொடுப்பது, ஏழையின் முதுமைக்குக் கொடுப்பதைப் போல ஆறு மடங்குக்கு மேல். இலவசம் என்ற சொல்லை யாரைப் பார்த்துச் சொல்வது?

முதியோர் உதவித்தொகை

இது பணம் கட்டத் தேவையில்லாத வழி. தமிழ்நாட்டில் 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. பின்னர் மத்திய அரசின் பங்கும் சேர்ந்தது. அந்த 200 ரூபாய் 2007இலிருந்து அசையவில்லை. 1,200இல் மீதி 1,000 மாநிலம் போடுவது.

பி.எஃப். கணக்கு இல்லாத, 40 வயதுக்குள் எந்தத் திட்டத்திலும் சேராத பெரும் கூட்டத்தில் பலருக்கு இதுதான் மிச்சம். ஆனால் ஆதரவற்றவர் என்று நிரூபித்தால்தான் கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று மனு நகர வேண்டும். மகன் இருக்கிறானே என்று கேட்பார்கள். மகனும் அதே 12,000 ரூபாயில் வாடகை கட்டிக்கொண்டு இருப்பான். நாற்பது ஆண்டு உழைத்த ஒருவர் 65 வயதில் தன்னைக் கதியற்றவர் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருப்பது எனக்குத் தாங்கவில்லை. வருமான வரி கட்டுபவர், அரசு ஓய்வூதியம் வாங்குபவர் தவிர 60 தாண்டிய எல்லோருக்கும் உரிமையாகக் கொடுத்து, தொகையை விலைவாசியோடு இணைத்தால், மேலே சொன்ன திட்டங்களில் பாதி ஓட்டைகள் அடைபடும். எந்தக் கம்பெனியில் எத்தனை மாதம் என்ற கணக்கே அங்கே வேண்டியதில்லை.

அது வரும்வரை இன்றைய நிலவரத்தில் எதைப் பிடிப்பது? பி.எஃப். கிடைக்கும் இடத்தில் பி.எஃப்.தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளைகள் வளர்ந்தபின் 42 வயதில் மீண்டும் வேலைக்கு வரும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். அடலும் ஷ்ரம் யோகியும் அவர்களுக்கு மூடிவிட்டன. ஆனால் 58க்கு இன்னும் 16 ஆண்டு இருக்கிறது. 12,000 சம்பளத்தில் அது மாதம் 2,740 ரூபாய் ஓய்வூதியம், கூடவே சேமிப்புத் தொகை. அவர்கள் கையில் கொடுங்கள் என்று சொல்லவே கூடாது.

சேர்ந்தவர்கள் மாதம் ஒருமுறை பாஸ்புக்கைத் திறந்து பார்க்க வேண்டும். அதில் ஊழியர் பங்கு, நிறுவனப் பங்கு, ஓய்வூதியப் பங்கு என்று மூன்று பத்திகள் இருக்கும். சம்பளச் சீட்டில் 1,440 கழித்திருந்து பாஸ்புக்கில் அந்த மாத வரவு இல்லையென்றால் பணம் கட்டப்படவில்லை. வேலையில் இருக்கும்போதே பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். வாரிசு நியமனத்தையும் இணையத்திலேயே முடித்துவிடுங்கள். அது இல்லாத குடும்பங்கள் காப்பீட்டுப் பணத்துக்காக வாரிசுச் சான்றிதழோடு மாதக்கணக்கில் அலைகின்றன.