கப்பல் வைஃபைக்கு என்று 9,912 ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டார்கள். ஏஜெண்டிடம் நெட் பேக் எடுக்காதீர்கள்!

நேற்று காலைதான் கப்பலிலிருந்து இறங்கினோம். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஆபீஸ் மதிய இடைவேளையில் அவசர அவசரமாக இதை எழுதுகிறேன். டிசம்பர் விடுமுறைக்கு எல்லோரும் டிக்கெட் போடுகிற நேரம் இது. மும்பையில் நம் ஆட்கள் எத்தனை பேர் இதே மாதிரி ஒரு கடையில் போய் உட்காரப் போகிறார்களோ தெரியாது. ஒருத்தராவது தப்பிக்கட்டும்.

மும்பையிலிருந்து லட்சத்தீவு போய்த் திரும்பும் நான்கு இரவுப் பயணம். நான், மனைவி, எட்டாவது படிக்கிற மகள், மூன்று பேர். அம்மாவுக்கு 79 வயது. கடல் பயணம் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று வர மறுத்துவிட்டார். செம்பூர் வீட்டில் அவரோடு தங்க, தெரிந்த ஒரு அக்காவை ஏற்பாடு செய்தோம். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். ராத்திரி எட்டு மணிக்குப் பேத்தி முகத்தைப் போனில் காட்ட வேண்டும். அப்பா தவறியதிலிருந்து, நாங்கள் வெளியூர் போனால் அந்த ஒரு போன் வராமல் அவர் சாப்பிட உட்கார மாட்டார். அதற்காகத்தான் இண்டர்நெட் வேண்டும் என்று கேட்டேன். படம் பார்க்கவோ ரீல்ஸ் பார்க்கவோ இல்லை.

டிக்கெட் எடுத்தது மாட்டுங்கா பக்கம் இருக்கும் ஒரு டிராவல்ஸில். புகார் கொடுத்திருக்கிறேன், அது முடிகிறவரை பெயரைப் போடவில்லை. உள்ளே நுழைந்ததுமே அந்த ஆள், "நீங்க எந்த ஊரு அண்ணாச்சி?" என்று கேட்டார். அம்பாசமுத்திரம் பக்கம் என்றேன். "அட, நமக்குக் கல்லிடைக்குறிச்சில்லா!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு டீ சொன்னார். மும்பைக்கு வந்து 22 வருஷம் ஆகிறது. இன்றைக்கும் நம்ம ஊர்ப் பேச்சு காதில் விழுந்தால் மனசு தானாக இளகிவிடுகிறது. அவருக்கும் அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அம்மா விஷயத்தைச் சொன்னேன். "எங்க அம்மையும் ஊர்ல தனியாத்தான் கெடக்கு அண்ணாச்சி, எனக்குத் தெரியாதா இந்த வேதனை? கப்பல்ல ஏறி வாங்குனா கொள்ளை விலை. இங்கயே எடுத்துருங்க. ரெண்டு போனு, அன்லிமிடெட். வீட்ல இருந்து பேசுத மாதிரி வீடியோ கால் பேசலாம்" என்றார். "நடுக்கடல்ல கிடைக்குமா தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கிடைக்கலன்னா என்ட்ட வாங்க, நான் தாரேன் துட்டு" என்றார். அந்தக் கையைத்தான் நான் நம்பினேன்.

கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார். போன் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 1,050. இரண்டு போன், நான்கு நாள், 8,400. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,512. மொத்தம் 9,912 ரூபாய். அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, ஒரு வெள்ளைத் தாளில் 'வைஃபை பேக், பணம் பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜிஎஸ்டி வாங்கினாரே தவிர ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் கிடையாது. கப்பல் கூப்பன் வாட்ஸ்அப்பில் வரும் என்றார், வந்தது. ஒரு குறியீட்டு எண்ணும் என் பெயரும் மட்டும் அதில் இருந்தன. நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

பல்லார்டு பியரில் ஏறி, சாயங்காலம் கப்பல் கிளம்பி, கொலாபா விளக்குகள் தெரிகிறவரை எங்கள் சிம்மிலேயே சிக்னல் இருந்தது. கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான் டவர் எட்டும். அதற்குப் பிறகு போனில் ஒரு கோடுகூட இல்லை. எட்டு மணி ஆகப்போகிறது என்று வரவேற்புக் கவுண்டரில் கூப்பனைக் காட்டி, யூசர்நேம், பாஸ்வேர்டு அச்சடித்த சின்னச் சீட்டை வாங்கிவந்தேன். லாகின் ஆனது. மெசேஜ் போனது. வீடியோ காலைத் தட்டினால் சுற்றிக்கொண்டே இருந்து அறுந்துவிட்டது. மனைவி போனில் அதே பாஸ்வேர்டைப் போட்டதும் என் போன் வெளியே தள்ளப்பட்டது.

மறுபடி கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இது ஒரே ஒரு போனுக்கான பேக், அதுவும் மெசேஜ் அனுப்ப மட்டும். ஆடியோ கால், வீடியோ கால் எதுவும் இதில் வராது. மொத்தப் பயணத்துக்கும் இதன் விலை என்ன என்று கேட்டேன். பக்கத்திலிருந்த அட்டையைக் காட்டினார். 1,800 ரூபாய்! நான் கொடுத்தது 9,912. வீடியோ கால் பேசுகிற பெரிய பேக் தரமுடியும், ஆனால் அதிலும் கால் நிற்கும் என்று உத்தரவாதம் சொல்ல முடியாது, வானிலையைப் பொறுத்தது என்றார். வாங்கின பேக்கைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாதாம், வெளியே வாங்கியதற்குத் தாங்கள் பொறுப்பில்லையாம். எனக்குப் பின்னால் இதே கேள்வியோடு இன்னும் நாலு பேர் வரிசையில் நின்றார்கள்.

அன்று ராத்திரி 9.40-க்கு வீட்டிலிருந்து அக்காவின் மெசேஜ்: "பாட்டி இன்னும் சாப்பிடல. போன் வரும்னு ஹால்லயே உக்காந்திருக்காங்க." கூடவே ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். அது மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கிப் பாதியில் நின்றுவிட்டது. அம்மாவின் நெற்றி விபூதி, மூக்குக் கண்ணாடி, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அந்தப் பாதி முகத்தை மகள் ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்கே டவர் இல்லம்மா, சாப்பிட்டுப் படுங்க" என்று எழுதி அனுப்பினேன். அதை அக்கா வாசித்துக் காட்டியிருக்கிறார். அம்மா நம்பவில்லை. ஏதோ ஆகிவிட்டது, என்னிடம் மறைக்கிறார்கள் என்று விடிய விடிய உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாள் மேல்தளத்தில் தூத்துக்குடிப் பையன் ஒருத்தன், கப்பல் ஊழியன், பொறுமையாக எனக்கு விளக்கினான். உச்சியில் பெரிய வெள்ளைப் பந்து மாதிரி இருப்பவற்றைக் காட்டி, "அதுக்குள்ள டிஷ் இருக்கு சார். கப்பல் ஆட ஆட அது திரும்பித் திரும்பி சாட்டிலைட்டயே பாத்துக்கிட்டு இருக்கும்" என்றான். பழைய வகைச் சாட்டிலைட் பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் பேசுவது மேலே போய்க் கீழே இறங்கி, பதில் அதே வழியில் திரும்பி வர அரை நொடிக்குக் குறையாது. புதிதாக வந்திருப்பவை சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுகின்றன, அவை வேகமானவை. எந்தக் கப்பலில் எது இருக்கிறது என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எதுவாக இருந்தாலும், வருகிற அலைவரிசையை ஆயிரக்கணக்கான பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ராத்திரி எட்டு மணி என்றால் எல்லோரும் வீட்டுக்குப் பேசுகிற நேரம். "விடியக்காலை அஞ்சு மணிக்கு டிரை பண்ணுங்க சார், அப்பதான் கொஞ்சம் ஓடும்" என்றான். இந்த ஒரு வார்த்தையை மாட்டுங்காவில் சொல்லியிருந்தால் அம்மாவிடம் அப்படியே சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பேனே!

லட்சத்தீவில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. தள்ளி நங்கூரம் போட்டு, படகில் தீவுக்குக் கூட்டிப்போகிறார்கள். படகு கரையை நெருங்கும்போதே என் போன் தானாக டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. கொச்சியிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்டு 2024 ஜனவரியில் திறந்தார்களே, அதனால் தீவில் நெட் நன்றாகவே வருகிறது. மாதாமாதம் போடுகிற சாதாரண ரீசார்ஜ், பைசா கூடுதல் இல்லை, தென்னை மரத்தடியில் நின்று அம்மாவிடம் பேசினோம். மகளைப் பார்த்ததும் அம்மாவுக்கு வார்த்தை வரவில்லை. கன்னத்தைத் தொடுகிற மாதிரி திரையைத் தடவிக்கொண்டே இருந்தார். 9,912 ரூபாய் கொடுத்து வாங்கிய பேக்கில் கிடைக்காதது அது. கப்பலுக்குத் திரும்பிய பிறகு வந்த இரண்டு ராத்திரியும் மறுபடி வெறும் மெசேஜ்தான்.

அப்புறம் நடந்த அலைக்கழிப்பு இருக்கிறதே! கப்பலிலிருந்தே டிராவல்ஸுக்கு ஆறு மெசேஜ் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ஏழாவதுக்கு "டெக்னிக்கல் ப்ராப்ளமா இருக்கும், கப்பல்ல கேளுங்க" என்று ஒரு வரி. நேற்று இறங்கியதும் கப்பல் கம்பெனி கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், இருபது நிமிஷம் பாட்டு கேட்க வைத்துவிட்டு, ஏஜெண்டைக் கேளுங்கள் என்றார்கள். சாயங்காலம் நேரே கடைக்குப் போனேன். அதே நாற்காலி, அதே ஆள். இந்தத் தடவை அண்ணாச்சி இல்லை, "சொல்லுங்க சார்" என்றார். ஊரும் காணோம், டீயும் காணோம். "அன்லிமிடெட்னா மெசேஜ் அன்லிமிடெட்தான் சார், நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே" என்றார். இரண்டு போன் என்று பணம் வாங்கினீர்களே என்றால், "ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டுக்கலாம்ல" என்கிறார். துட்டு நான் தாரேன் என்றது நினைவிருக்கிறதா என்று கேட்டதற்கு வேறு வாடிக்கையாளர் பக்கம் திரும்பிவிட்டார். கடைசியில் அடுத்த புக்கிங்கில் 500 ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். 9,912 எங்கே, 500 எங்கே? எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன்.

இன்று காலை 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிவு செய்துவிட்டேன். அதில் நடக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம்தான். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை, இதற்கென்றே இருக்கும் அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இடைவேளை முடியப்போகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். நெட் பேக்கைக் கப்பல் கம்பெனியிடம் நேராக வாங்குங்கள், ஏஜெண்டிடம் வேண்டாம். எத்தனை போன், வீடியோ கால் உண்டா, ஒரு நாளைக்கா மொத்தப் பயணத்துக்கா, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள். ஒரே பேக்கை இரண்டு போனில் மாற்றிப் போடுவதானால் முதலில் லாக்-அவுட் செய்யுங்கள். கப்பல் கிளம்பியதும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். சில கப்பல்களில் கப்பலுக்கென்றே தனி மொபைல் நெட்வொர்க் இருக்கிறது, நம் சிம் அதில் போய் ஒட்டிக்கொண்டால் ரோமிங் பில் எகிறிவிடும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், ராத்திரி போன் வராது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர் பக்கம் இதே மாதிரி கப்பல் வைஃபைக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் கையால் எழுதிக் கொடுத்த சீட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாலு பேர் சேர்ந்தால் என் புகாரோடு உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.